நகர மன்றத்தில் பேசினோம். ஒருவரும் பதில் சொல்லவில்லையே, ஏன்?

கேள்வி: நாங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், மேயரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட நகர மன்றம் உள்ள ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறோம். எங்கள் தெருமுனையில், தொடக்கப் பள்ளிக்கு அருகே பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில், மின்னும் எச்சரிக்கை விளக்கு வேண்டும் என்று கேட்பதற்காக அண்டை வீட்டார் சிலரோடு சென்ற மாத மன்றக் கூட்டத்துக்குப் போனேன். மூன்று நிமிடம் பேசலாம் என்று தயாரித்துச் சென்றோம். பேசுவோர் அதிகம் என்று ஆளுக்கு ஒரு நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். பேசி முடித்ததும் மேயர் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஓர் உறுப்பினர்கூட ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அதன் பிறகு பெருந்தொகை ஒப்பந்தம் ஒன்று உட்படப் பன்னிரண்டு தீர்மானங்களை விவாதமே இல்லாமல் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். எல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகிவிடுகிறதா? எங்களைப் போன்றோர் போய்ப் பேசுவதால் பயன் உண்டா? தினமும் பேரனைப் பள்ளிக்கு நடத்தி அழைத்துச் செல்பவர் என் மாமியார். அவருக்குத் தமிழ்தான் வரும். அவர் பேச வழி உண்டா?

பதில் (கலிபோர்னிய நகராட்சி அலுவலகத்தில் மன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலையும் நடவடிக்கைக் குறிப்பையும் தயாரிக்கும் பணியில் இருப்பவர் எழுதுகிறார்):

அன்புள்ள வாசகருக்கு,

வேலை முடிந்து வந்து, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு, காத்திருந்து பேசியவருக்கு ஒரு நன்றியோடு விஷயம் முடிந்தால், மதிக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் நீங்கள் கண்ட மௌனம் பெரும்பாலும் சட்டம் விதித்த மௌனம். உங்கள் கோரிக்கை அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. நிரலில் இல்லாத ஒன்றைப் பற்றி உறுப்பினர்கள் தங்களுக்குள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கலிபோர்னியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

அந்தச் சட்டத்துக்குப் பிரவுன் சட்டம் என்று பெயர். உள்ளாட்சி அமைப்புகள் பொதுமக்கள் அறியாமல் தனியே கூடி முடிவெடுப்பதைப் பற்றி, சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழின் செய்தியாளர் மைக்கேல் ஹாரிஸ் 1952இல் தொடர் கட்டுரைகள் எழுதினார். அதன் விளைவாக, மொடெஸ்டோவைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் கொண்டுவந்த சட்டம் 1953இல் நிறைவேறியது. நகர மன்றம், கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வாரியம், பள்ளி வாரியம், அவை அமைக்கும் நிலையான குழுக்கள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும் சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் நிகழ்ச்சி நிரலை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொரு பொருளையும் சாதாரண மனிதருக்குப் புரியும் வகையில் சுருக்கமாக விளக்க வேண்டும். பொதுவாக 20 சொற்களுக்கு மேல் போக வேண்டியதில்லை என்று சட்டமே அளவும் சொல்கிறது. நிரல் வெளியான பிறகே தெரியவந்த, உடனே தீர்க்க வேண்டிய ஒரு தேவை எழுந்தால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவோடு அதை எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஓரிரு விலக்குகளைத் தவிர, நிரலில் இல்லாததை மன்றம் தொட முடியாது.

இந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு எதிரானதாகத் தெரியலாம். உங்களைக் காப்பதும் இதுதான். விளக்குக் கம்பம் வந்தால் தன் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் இடம் போய்விடுமோ என்று அஞ்சும் ஒருவர் அதே தெருவில் இருக்கலாம். நிரலில் அந்தத் தெருவின் பெயரே இல்லாததால் அவர் அன்று வீட்டிலேயே இருந்திருப்பார். நீங்கள் பேசிய கையோடு மன்றம் முடிவெடுத்திருந்தால் அவர் தரப்பைக் கேட்காமலே அது முடிந்திருக்கும். அதே வேகத்தில் அடுத்த மாதம் அவர் வந்து பேசி, உங்களுக்குத் தெரியாமலே அந்த முடிவை மாற்றவும் முடிந்திருக்கும்.

அதற்காக உறுப்பினர்கள் வாயே திறக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சுருக்கமாகப் பதில் சொல்லலாம். தெளிவு பெற ஒரு கேள்வி கேட்கலாம். விசாரிக்கும்படி அலுவலர்களிடம் ஒப்படைக்கலாம். அடுத்து வரும் கூட்டம் ஒன்றில் அறிக்கை தரச் சொல்லலாம். பொருளை வருங்கால நிரலில் சேர்க்கும்படி கேட்கலாம். அனுபவமுள்ள மேயர், "இது இன்றைய நிரலில் இல்லாததால் நாங்கள் விவாதிக்க முடியாது, போக்குவரத்துப் பொறியாளர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பார். உங்கள் நகரத்தில் அது நடக்கவில்லை என்பது குறைதான். பொதுமக்கள் கருத்து நேரம் தொடங்கும்போதே, ஏன் உடனடிப் பதில் வராது என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் அறிவிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதன்முறையாக மன்றத்துக்கு வந்திருப்பவர் ஒருவராவது ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார்.

தமிழ்நாட்டின் நகராட்சி, மாநகராட்சி மன்றங்களை அறிந்தவர்களுக்கு இங்குள்ள முறை புதிதாக இருக்கும். அங்கே மன்றக் கூட்டத்தில் பேசுவோர் கவுன்சிலர்கள், பொதுமக்கள் பார்வையாளர்கள். மக்கள் பேசுவதற்கென்று பகுதி சபைகள் தனியே உள்ளன. கலிபோர்னியாவிலோ மன்றத்தின் எதிரிலேயே நின்று பேசுவது சட்டப்படியான உரிமை. நிரலில் உள்ள ஒவ்வொரு பொருளைப் பற்றியும், மன்றம் அதன் மீது முடிவெடுக்கும் முன் பேசலாம். வழக்கமான கூட்டத்தில், நிரலில் இல்லாததைப் பற்றியும், அது நகரத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருந்தால் பேசலாம். நகராட்சியின் கொள்கையையோ செயலையோ குறைகூறுகிறார் என்பதற்காக யாரையும் தடுக்க முடியாது. பெயரை எழுதிக் கொடுத்தால்தான் கூட்டத்துக்குள் விடுவோம் என்று சொல்லவும் முடியாது. பேசுவோர் நேரத்தை நியாயமான முறையில் வரையறுக்கும் அதிகாரம் மட்டும் மன்றத்துக்கு உண்டு. ஆகவே கூட்டம் அதிகமான இரவில் மூன்று நிமிடம் ஒரு நிமிடமாவது இங்கே வழக்கமாக நடப்பதே. எனவே எப்போதும் ஒரு நிமிடத்தில் முடியும் வடிவம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மீதியைக் கடிதமாக எழுதி, கூட்டத்துக்கு முன்பே, மன்றத்தின் நிரலையும் ஆவணங்களையும் கவனிக்கும் சிட்டி கிளார்க் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அது எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். பொது ஆவணமாகவும் சேரும்.

அடுத்து, ஒரே வாக்கெடுப்பில் பன்னிரண்டு தீர்மானங்கள். அந்தப் பகுதியைக் கன்சென்ட் காலெண்டர் என்பார்கள். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்பது, மானியத் தொகையைப் பெற்றுக்கொள்வது, ஏற்கெனவே ஒருமுறை விவாதித்த நகரச் சட்டத்தை இரண்டாம் முறை வாசித்து ஏற்பது, வரவுசெலவுத் திட்டத்தில் முன்பே இடம்பெற்ற பணிக்கு ஒப்பந்தம் வழங்குவது போன்றவை அதில் வரும். நீங்கள் குறிப்பிடும் ஒப்பந்தம் சாலைக்குத் தார் போடும் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சாலைகள், எவ்வளவு பணம் என்பது சென்ற ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு தீர்மானமாகியிருக்கும். பிறகு ஒப்பந்தப்புள்ளி கேட்டு, வந்தவற்றைத் திறந்து, தகுதியுள்ளவர்களில் குறைந்த தொகை கேட்டவரை அலுவலர்கள் பரிந்துரைத்திருப்பார்கள். நீங்கள் பார்த்தது நீண்ட வேலை ஒன்றின் கடைசிப் படியை மட்டும். விவாதம் நடக்கவில்லை என்று சொல்வதைவிட, அது நடந்த நாளில் நாம் அங்கே இல்லை என்று சொல்வதே சரி.

நகரத்தின் இணையதளத்தில் நிரலைத் திறந்து, அந்த ஒப்பந்தத்தைக் குறிக்கும் வரியைச் சொடுக்கிப் பாருங்கள். ஸ்டாஃப் ரிப்போர்ட் என்னும் அலுவலர் அறிக்கை திறக்கும். அதன் தலைப்பகுதியிலேயே பரிந்துரை இருக்கும்: இன்ன நிறுவனத்துடன் இத்தனை டாலருக்கு மிகாமல் ஒப்பந்தம் செய்துகொள்ள நகர மேலாளருக்கு (நகர நிர்வாகத்தின் தலைமை அலுவலர்) அதிகாரம் அளிக்கும் தீர்மானத்தை மன்றம் ஏற்கலாம் என்பது போல. அதன் பிறகு பின்னணி, ஆய்வு, நிதி விளைவு, சுற்றுச்சூழல் ஆய்வு, இணைப்புகள் என்று வரும். நேரம் இல்லாதவர்கள் பரிந்துரையையும் நிதி விளைவையும் மட்டுமாவது படிக்க வேண்டும். பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது, எதிர்பாராத செலவுக்கென்று ஒப்பந்தத் தொகைக்கு மேல் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பவை அங்கேதான் இருக்கும். உறுப்பினர்கள் இந்த அறிக்கைகளைப் படித்துவிட்டு, ஐயமிருந்தால் கூட்டத்துக்கு முன்பே அலுவலர்களிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். அதனால்தான் அந்த வாக்கெடுப்பு அவ்வளவு விரைவாக முடிகிறது.

தனியே விவாதிக்க வேண்டும் என்று தோன்றும் பொருளைக் கன்சென்ட் காலெண்டரிலிருந்து வெளியே எடுக்கும்படி எந்த உறுப்பினரும் கேட்கலாம். வாக்கெடுப்புக்கு முன் அதைப் பற்றிப் பேசப் பொதுமக்களுக்கும் உரிமை உண்டு. எனவே அந்தப் பட்டியலில் உங்கள் வட்டாரத்தைத் தொடும் ஒரு வரியைக் கண்டால், நிரல் வெளியானவுடனேயே உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள். கூட்டத்தன்று மாலையில் எழுதும் கடிதம் பெரும்பாலும் காலங்கடந்த கடிதமாகிவிடும். மக்கள் அக்கறை காட்டுவார்கள் என்று தெரிந்த ஒரு பொருளைச் சில நகராட்சிகள் இந்தப் பட்டியலில் வைப்பது உண்டு. அது சட்டவிரோதம் அன்று, ஆனால் நல்ல பழக்கமும் அன்று.

எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து பேர் கொண்ட மன்றத்தில் மூவர் பெரும்பான்மை. நிரலிட்ட கூட்டத்துக்கு வெளியே அந்த மூவர் ஒரு நகர விவகாரத்தைத் தங்களுக்குள் விவாதிப்பது தடைசெய்யப்பட்டது. ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முதலாமவர் இரண்டாமவரிடமும், இரண்டாமவர் மூன்றாமவரிடமும் தொலைபேசியில் பேசினாலோ, ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு மற்றவர்கள் வரிசையாகக் கருத்து எழுதினாலோ அதுவும் மீறலே. நகர மேலாளர் உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்து விளக்கம் தரலாம். ஆனால் ஒருவருடைய நிலைப்பாட்டை மற்றொருவரிடம் கொண்டுசெல்லக் கூடாது. உங்கள் உறுப்பினரைச் சந்திக்கும்போது, "மற்றவர்கள் எப்படி வாக்களிப்பார்கள்?" என்று கேட்டால் அவர் நழுவுவதற்குக் காரணம் இதுதான். நீங்கள் ஐவரையும் தனித்தனியே சந்தித்து உங்கள் கோரிக்கையைச் சொல்வதில் தவறே இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லாமல் இருந்தால் போதும்.

பொதுமக்களை வெளியே இருக்கச் சொல்லும் மூடிய அமர்வும் உண்டு. வழக்கு, நிலம் வாங்கல் விற்றலுக்கான விலைப் பேச்சு, ஊழியர் நியமனம் அல்லது ஒழுங்கு நடவடிக்கை, தொழிற்சங்கத்துடனான பேச்சுவார்த்தை போன்ற, சட்டம் பெயர் சொல்லிக் குறித்திருக்கும் காரணங்களுக்கு மட்டுமே அப்படிக் கூடலாம். அதுவும் நிரலில் வர வேண்டும். உள்ளே போகுமுன் அதைப் பற்றியும் நீங்கள் பேசலாம். எச்சரிக்கை விளக்கைப் பற்றி அங்கே பேச வழியே கிடையாது. நிரலில் சேர்க்காமல் ஒரு முடிவெடுத்துவிட்டார்கள் என்று என்றாவது ஆதாரத்தோடு தெரியவந்தால், அதைத் திருத்தும்படி எழுத்துமூலம் கோரலாம். வெளிப்படையான கூட்டத்தில் எடுத்த முடிவானால் 30 நாளுக்குள்ளும், மற்ற மீறல்களில் 90 நாளுக்குள்ளும் கோர வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் கோரிக்கை செல்ல வேண்டிய வழி இனி. பொதுமக்கள் கருத்து நேரம் ஒரு வாசல். முடிவு பிறக்கும் இடம் அதுவன்று. நகரத்தின் போக்குவரத்துப் பொறியாளருக்கு முதலில் எழுதுங்கள். தெருவின் பெயர், குறுக்குத் தெரு, பள்ளி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், என்ன நடக்கிறது என்பதை எழுதிப் புகைப்படம் சேருங்கள். கோடு புதுப்பிப்பது, பலகை வைப்பது போன்ற சிறு வேலைகளைப் பல நகரங்களில் பொறியாளர் மன்றத்துக்குப் போகாமலே செய்ய முடியும். நடப்போர் சாலையைக் கடக்கக் கோடிட்ட கிராஸ்வாக்கை வண்டிகள் நெருங்கும் பக்கத்தில் 20 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்று மாநிலச் சட்டமே இப்போது சொல்கிறது. பிள்ளைகளை மறைத்துக்கொண்டு வண்டிகள் நிற்பதுதான் உங்கள் தெருவில் சிக்கல் என்றால் அதையும் எழுதுங்கள். மின்னும் விளக்குக்குப் பணம் வேண்டும், பொறியியல் ஆய்வும் வேண்டும். நடப்போர், மிதிவண்டியில் செல்வோர் நலனுக்கென்று ஓர் ஆலோசனைக் குழு உங்கள் நகரத்தில் இருந்தால் அங்கே போய்ப் பேசுங்கள். அதுவும் பிரவுன் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கூட்டம்தான். ஆனால் அங்கே கூட்டம் குறைவு, நேரம் அதிகம், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் குழுவின் பரிந்துரையோடு வரும் கோரிக்கைக்கு மன்றத்தில் எடை கூடுகிறது.

காலத்தையும் பாருங்கள். கலிபோர்னிய நகரங்களின் நிதியாண்டு பொதுவாக ஜூலை 1இல் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் ஜூன் மாதத்துக்குள் நிறைவேறும். அதற்கான விவாதக் கூட்டங்கள் வசந்த காலத்தில் நடக்கும். சாலை, விளக்கு போன்ற மூலதனப் பணிகளின் பட்டியலில் உங்கள் தெருவின் பெயர் சேர வேண்டிய பருவம் அது. செப்டம்பரில் எழுப்பும் கோரிக்கைக்கு, பணம் ஒதுக்கியாகிவிட்டது என்ற பதில் வருவதும், பிப்ரவரியில் எழுப்பும் அதே கோரிக்கை பட்டியலில் ஏறுவதும் இதனால்தான்.

இதோடு, உங்கள் உறுப்பினரிடம் ஒரே ஒரு காரியம் கேளுங்கள்: இந்தப் பொருளை வருங்கால நிரலில் சேர்க்கும்படி கூட்டத்தில் கோர முடியுமா என்று. பல நகரங்களில் ஒருவர் கோரினால் போதாது. இன்னொருவரோ இருவரோ ஆதரிக்க வேண்டும் என்று மன்றத்தின் நடைமுறை விதி சொல்லும். அந்த விதியைச் சிட்டி கிளார்க்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிரலில் ஏறிவிட்டால் அந்த இரவு வேறு மாதிரி இருக்கும். அலுவலர் அறிக்கையை வாசித்து விளக்குவார், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், பொதுமக்கள் பேசுவார்கள், பிறகு ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, விவாதம் நடக்கும். யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகும். தனிச் சாசனம் இல்லாமல் மாநிலத்தின் பொதுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நகரமானால் தீர்மானத்துக்கும் பணம் வழங்கும் ஆணைக்கும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். ஐவரில் மூவர் மட்டுமே வந்திருந்தால் மூவரும் ஆதரித்தாக வேண்டும். தமக்கென்று சாசனம் (நகரமே வகுத்துக்கொண்ட அடிப்படை விதிகள்) உள்ள நகரங்களில் இது சற்று மாறலாம்.

உங்கள் மாமியார் கட்டாயம் பேச வேண்டும். அவர் குடியுரிமை பெற்றவரா, இந்த நகரத்தில் நிரந்தரமாக வசிப்பவரா என்றெல்லாம் பிரவுன் சட்டம் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்கு, மற்றவர்களுக்குத் தரும் நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தர வேண்டும் என்று 2016இல் நிறைவேறிய திருத்தம் சொல்கிறது. அவர் பேசும்போதே உடனுக்குடன் மன்றத்தினரின் காதில் மொழிபெயர்த்துச் சொல்லும் கருவி இருந்தால் மட்டும் இது பொருந்தாது. எனவே மற்றவர்களுக்கு ஒரு நிமிடமானால் அவருக்கு இரண்டு. இந்த உரிமையை அறியாத நகரங்களும் உண்டு. கூட்டத்துக்குச் சில நாள் முன்பே சிட்டி கிளார்க் அலுவலகத்துக்கு எழுதி, தமிழில் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் அல்லது நாங்களே அழைத்து வருகிறோம், இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று தெரிவித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பை நீங்கள் செய்வதைவிட வேறொருவர் செய்வது நல்லது. உங்களுக்கென்று உள்ள நேரம் உங்களிடமே இருக்கும்.

அவர் நீளமாகப் பேச வேண்டியதில்லை. "வணக்கம். தினமும் காலையில் என் பேரனைக் கையைப் பிடித்து இந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். மஞ்சள் கோட்டில் கால் வைத்த பிறகும் வண்டிகள் நிற்பதில்லை. மழை நாளில் எங்களை அவர்களுக்குத் தெரிவதே இல்லை. பொத்தானை அமுக்கினால் மின்னும் விளக்கு ஒன்று வேண்டும். இதை அடுத்த மாத நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள். மன்றம் அன்றிரவே சட்டப்படி செய்யக்கூடிய ஒன்றை அவர் கேட்கிறார். மறுநாள் காலை அதே வாக்கியத்தை ஐந்து உறுப்பினர்களுக்கும் தனித்தனி மின்னஞ்சலாக அனுப்பி, சிட்டி கிளார்க்குக்கும் நகல் வையுங்கள்.